பெப்பு: ஊருக்கு அடியில் ஒரு பாய்லர்

தெர்மோடைனமிக்ஸ் பேப்பரை ரெண்டாம் வருஷம் எப்படியோ பாஸ் பண்ணிட்டு, அந்த நோட்டைப் பரண் மேல் போட்டவர்களில் நானும் ஒருவன். போன டிசம்பரில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பத்து நாள் ஜப்பான் போய்விட்டு வந்ததும், அதே நோட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்ட வேண்டியதாகிவிட்டது. காரணம், பெப்பு என்கிற ஊர். இந்தப் பாடம் அந்த ஊரைப் பற்றித்தான். பாதி பயணம், பாதி எஞ்சினியரிங். எல்கேஜியில் இருந்தே இங்கிலீஷ் மீடியம் என்பதால் என் தமிழ் கொஞ்சம் கலப்படமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கோங்க.

1. ஊர் எங்கே இருக்கு?

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் தெற்கே இருப்பது கியூஷு. அதன் கிழக்குக் கரையில் ஒயிட்டா மாகாணம். அங்கே மலைக்கும் கடலுக்கும் நடுவில், சரிவில் உட்கார்ந்திருக்கும் நகரம்தான் பெப்பு. ஃபுகுவோக்காவின் ஹகாட்டா ஸ்டேஷனில் 'சோனிக்' ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஒரு சிலை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வானத்தில் இருந்து குதிக்கிற மாதிரி நிற்கிறார் ஒருவர். பெயர் அபுராயா குமஹாச்சி (1863–1935). இந்த ஊரை டூரிஸ்ட் ஊராக்கியவர். 1925-ல் ஃபூஜி மலைமேல் பெப்புவுக்கு விளம்பரக் கம்பம் நட்டிருக்கிறார். 1928-ல் பெண் கைடுகளை வைத்து டூரிஸ்ட் பஸ் விட்டிருக்கிறார். இன்னைக்கு இருந்திருந்தா ரீல்ஸ் போட்டே ஊரைத் தூக்கியிருப்பார். சிலைக்குப் பக்கத்திலேயே கை நனைக்க ஒரு சின்ன வெந்நீர்த் தொட்டி. பெப்புவின் தண்ணீரை நான் முதலில் தொட்டது அங்கேதான்.

வெந்நீர் ஊற்றுக்கு ஜப்பானியப் பெயர் ஒன்சென். சும்மா சுட வைத்த தண்ணீரை எல்லாம் அப்படிச் சொல்லிவிட முடியாது. 1948-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஊற்றிலேயே 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் உள்ள 19 பொருட்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவுக்கு இருக்க வேண்டும். பெப்புவில் மட்டும் இப்படி 2,000-க்கும் மேற்பட்ட ஊற்றுகள். ஜப்பானில் வேறெந்த ஒன்சென் ஊரிலும் இவ்வளவு வெந்நீர் வெளிவருவதில்லை.

2. யார் அடுப்பு பத்த வெச்சது?

ஊருக்குப் பின்னால் 1,375 மீட்டர் உயரத்தில் ட்சுருமி என்கிற எரிமலை இருக்கிறது. அந்த மலைப்பக்கம் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, ஆழத்தில் சூடாகி, ஊற்றாக வெளியே வர ஏறக்குறைய 50 வருடம் ஆகிறது என்கிறார்கள். அதாவது நான் குளித்தது எங்க அப்பா சின்னப் பையனாக இருந்தபோது பெய்த மழை.

ஆழத்தில் தண்ணீர் 250 டிகிரிக்கும் மேல் சூடாக இருக்கிறது. ஆனாலும் ஆவியாகவில்லை. ஏன்? மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தம் விடவில்லை. பிரஷர் குக்கர் ஞாபகம் வரட்டும். தண்ணீர் மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது, ஒரு கட்டத்தில் கொதித்து இரண்டாகப் பிரிகிறது. நீராவி ஒரு பக்கம், உப்புத் தண்ணீர் இன்னொரு பக்கம். நீராவியோடு போகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, மேலே ஆக்சிஜனைச் சந்தித்ததும் சல்ஃபூரிக் அமிலம் ஆகிறது. அதனால்தான் மலை மேல் இருக்கும் ம்யோபான் பகுதியில் அமிலத் தண்ணீர், கீழே வர வர உப்புத் தண்ணீர். வழியில் சாதாரண நிலத்தடி நீரும் கலந்துகொள்கிறது. ஒரே அடுப்புதான். ஆனால் ஜப்பான் ஒன்சென்களைப் பிரிக்கும் பத்து வகையில் ஏழு வகை இந்த ஒரே ஊரில் கிடைக்கிறது.

ம்யோபானில் இந்த வேதியியலை வைத்தே தொழில் செய்கிறார்கள். கூரை வேய்ந்த குடிசைக்குள் தரையில் களிமண்ணைப் பரப்பி, கீழே இருந்து வரும் நீராவியை அதன் வழியாக விடுகிறார்கள். அமிலம் களிமண்ணில் உள்ள அலுமினியம், இரும்போடு சேர்ந்து சல்ஃபேட் படிகமாக மெதுவாக வளர்கிறது. அதைச் சுரண்டி எடுத்துக் குளியல் உப்பாக விற்கிறார்கள். பெயர் யுனோஹானா, வெந்நீர்ப் பூ என்று அர்த்தம். கூரைக்கும் வேலை இருக்கிறது. ஆவி வெளியே போகணும், ஆனால் குளிர்ந்த சொட்டு படிகத்தின் மேல் விழுந்து கரைத்துவிடக் கூடாது. லேபில் நாம் படிகம் வளர்க்க என்ன பாடுபட்டோம்னு யோசிச்சுப் பாருங்க.

3. நரகத்துக்கு டிக்கெட்

குளிக்க முடியாத அளவு கொதிக்கும் குளங்களுக்கு ஜிகொகு என்று பெயர். ஜிகொகு என்றால் நரகம். ஏழு நரகங்களைச் சேர்த்து ஒரே டிக்கெட்டில் பார்க்கலாம். ஐந்து கன்னாவா பகுதியில் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன, மற்ற இரண்டுக்குச் சின்ன பஸ் பயணம்.

உமி ஜிகொகு, கடல் நரகம். பார்த்தால் குதிக்கலாம் போல இருக்கும் நீலம், வெப்பம் 98 டிகிரி. இந்த நீலத்துக்குக் காரணம், தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய சிலிக்கா துகள்கள் ஒளியைச் சிதறடிப்பது என்று ஆராய்ச்சி சொல்கிறது. வானம் நீலமாகத் தெரிய எது காரணமோ அதே ராலே சிதறல். சினோய்கே ஜிகொகு, ரத்தக் குள நரகம். இது சிவப்பு, இரும்பு ஆக்சைடு கலந்த சேறு காரணம். தட்சுமாக்கி என்பது சுமார் அரை மணிக்கு ஒரு முறை பீய்ச்சி அடிக்கும் ஊற்று.

கன்னாவாவில் தெருச் சாக்கடை மூடியில் இருந்துகூட ஆவி வருகிறது. அங்கே நரக வேகவைப்பு என்று ஒரு சமையல் முறை இருக்கிறது. மூங்கில் தட்டில் காய், முட்டை, மீன் எது வேண்டுமானாலும் வைத்து, நிலத்தில் இருந்து வரும் ஆவியில் இறக்கி மூடிவிடுவார்கள். எண்ணெய் கிடையாது, கேஸ் கிடையாது. வெஜிடேரியன்களுக்கு ஒரு டிப்ஸ்: ஜப்பானில் சூப் என்றாலே பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். இங்கே நீங்களே காய் வாங்கி நீங்களே வேகவைக்கலாம். நான் சாப்பிட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு லேசாக உப்புக் கரித்தது. நான் உப்பு போடவே இல்லை, அது ஆவியோட வேலை.

4. மூங்கிலில் கூலிங் டவர்

இப்ப ஒரு கணக்கு. ஊற்றில் இருந்து 95 டிகிரியில் தண்ணீர் வருகிறது. குளிக்க 45 டிகிரி வேண்டும். 20 டிகிரி குழாய்த் தண்ணீரைக் கலந்தால் என்ன ஆகும்? வெந்நீர் பங்கு மூன்றில் ஒன்று, குழாய்த் தண்ணீர் மூன்றில் இரண்டு. தாது உப்பு எல்லாம் நீர்த்துப் போய்விடும். அப்புறம் அது ஒன்சென்னா, பக்கெட் குளியலா?

இதற்கு ஒயிட்டாவில் கண்டுபிடித்த தீர்வின் பெயர் யுமெதாக்கே. மூங்கில் கிளைகளை அடுக்கடுக்காகக் கட்டி, மேலே இருந்து வெந்நீரை ஊற்றுகிறார்கள். அது கிளை கிளையாகச் சொட்டி இறங்கும்போது கொஞ்சம் ஆவியாகிப் போக, மிச்சம் சில நொடியில் குளிர்ந்துவிடுகிறது. ஒரு கிலோ தண்ணீர் 50 டிகிரி குளிர 50 × 4.18, அதாவது 209 கிலோஜூல் போக வேண்டும். ஒரு கிலோ ஆவியாக ஏறக்குறைய 2,300 கிலோஜூல். இரண்டையும் வகுத்தால், 9 சதவீதத் தண்ணீரை இழந்தால் போதும். மோட்டார் இல்லை, ஃபேன் இல்லை, தாதுவும் நீர்க்கவில்லை. ஜப்பானின் பழைய உப்பளங்களில் கடல் நீரைச் சொட்டவிட்டுச் செறிவாக்க மூங்கில் கிளைகளைப் பயன்படுத்தினார்கள். அந்த ஐடியாவைத்தான் இங்கே திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

மூங்கில் இவங்களுக்குப் புதுசு இல்லை. பெப்புவின் மூங்கில் வேலைப்பாடு பேர் போனது. மூங்கில் கலைக்காக 1967-ல் முதன்முதலில் 'வாழும் தேசியச் செல்வம்' பட்டம் வாங்கிய ஷோனோ ஷோன்சாய் இந்த ஊர்க்காரர்தான்.

5. குளிக்கப் போன கதை

1879-ல் தொடங்கி, 1938-ல் கட்டிய கட்டடத்தில் இன்னமும் நடக்கும் தாக்கெகாவாரா குளியல் வீடு டூரிஸ்டுகளுக்குப் பிரபலம். ஆனால் அங்குள்ள யூனிவர்சிட்டி சீனியர் ஒருத்தர் என்னை வேறு இடத்துக்குக் கூட்டிப் போனார். பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து நடத்தும் தெருக் குளியல் வீடு. உண்டியல் மாதிரி ஒரு பெட்டி, அதில் நூறு யென் காசு போட வேண்டும். ஷவர் இல்லை. நடுவில் ஒரு தொட்டி, அவ்வளவுதான்.

ஆம், உடம்பில் துணி இல்லாமல்தான் குளிக்கணும். ஆண்கள் தனி, பெண்கள் தனி. ஹாஸ்டல்ல நாலு வருஷம் இருந்தும் எனக்குக் கூச்சம். வாசலிலேயே அஞ்சு நிமிஷம் ஷூ கழட்டிக்கிட்டு இருந்தேன். உள்ளே போனால் யாரும் யாரையும் பார்ப்பதே இல்லை. தொட்டிக்குள் இறங்கும் முன் சொம்பால் மொண்டு உடம்பைக் கழுவிக்கொள்ள வேண்டும். துண்டு தண்ணீரில் படக் கூடாது. சோப்பு நுரை தொட்டிக்குள் போகக் கூடாது.

தண்ணீர் 44 டிகிரியாவது இருக்கும். காலை வைத்ததும் அலறிவிட்டுப் பக்கத்தில் இருந்த பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். உள்ளே இருந்த ஒரு தாத்தா எழுந்து வந்தார், ஒன்றும் பேசாமல் குழாயை மூடினார், திரும்பப் போய் உட்கார்ந்தார்.

6. தாத்தா கேட்ட கேள்வி

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேச்சுக் கொடுத்தார். சீனியர்தான் மொழிபெயர்ப்பு. என்ன படிக்கிற என்று கேட்டார். மெக்கானிக்கல் என்றேன். என் ஃபைனல் இயர் புராஜெக்ட் பைனரி சைக்கிள் மின்நிலையம். வெந்நீரின் சூட்டில் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் வேறு ஒரு திரவத்தை ஆவியாக்கி, அதை வைத்து டர்பைன் சுற்றுவது. ஈரச் சுவரில் விரலால் படம் வரைந்து காட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது.

தாத்தா படத்தைப் பார்த்தார். "சரி. உன் கிணறு எத்தனை மீட்டர்?" என்றார். சொன்னேன். "பக்கத்துக் கிணத்துல தண்ணி இறங்கினா, அதை யாரு முதல்ல கண்டுபிடிக்கணும்? நீங்களா, நாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. என் பிபிடியில் மூன்றாவது ஸ்லைடின் தலைப்பு 'வீணாகும் வெப்பம்'. அந்தத் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டு அந்தத் தலைப்பை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அந்தத் தெருவுக்கு அது வீணாகப் போகிற வெப்பமா? காலையில் குளியல், மதியம் சமையல், சாயங்காலம் அரட்டை எல்லாம் அதில்தானே நடக்குது. முறை போட்டுத் தொட்டி கழுவ முன்னே முப்பது வீடு இருந்ததாம், இப்போது பதினொன்று என்றார். அவருக்குத் தண்ணீர் குறைவதும் பயம், ஆள் குறைவதும் பயம்.

திரும்பி வந்து படித்தபோதுதான் விஷயத்தின் முழு அளவு புரிந்தது. ஜப்பானின் புவிவெப்ப வளம் சுமார் 23,000 மெகாவாட், உலகில் மூன்றாவது இடம். ஆனால் நிறுவியிருப்பது 500 முதல் 600 மெகாவாட்தான். இத்தனைக்கும் 1925-லேயே பெப்புவில் பரிசோதனையாக 1.12 கிலோவாட் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நாட்டின் பெரிய புவிவெப்ப மின்நிலையமான 110 மெகாவாட் ஹட்சோபாருவும் இதே ஒயிட்டா மாகாணத்தில்தான் இருக்கிறது. பிறகு ஏன் வளரவில்லை? வளத்தில் பெரும்பகுதி தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கிறது. கிணறு தோண்டச் செலவு அதிகம். மூன்றாவது காரணம், ஒன்சென் ஊர்களின் பயம். 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் 2012-ல் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு அரசு நல்ல விலை நிர்ணயித்தது. பெப்புவில் சின்னச் சின்ன பைனரி நிலையங்கள் முளைத்தன. கூடவே தண்ணீர் பற்றிய பயமும் வளர்ந்தது. ஊரின் சில பகுதிகளில் புதுக் கிணறு தோண்டவே மாகாண அரசு அனுமதிப்பதில்லை.

எஞ்சினியராக நேர்மையாகப் பார்த்தால், 100 டிகிரி ஊற்று, 20 டிகிரி சூழல் என்றால் கார்னோ திறன் 1 – 293/373, அதாவது 21 சதவீதம். நிஜத்தில் அதில் பாதிகூடக் கிடைத்தால் பெரிய விஷயம். பத்துப் பங்கு வெப்பத்தை எடுத்து ஒரு பங்கு கரன்ட் தருகிறோம். எடுத்த தண்ணீரைத் திரும்ப நிலத்துக்குள் செலுத்தினால் நீர்மட்டம் பெருமளவு காப்பாற்றப்படும். ஆனால் தப்பான இடத்தில் செலுத்தினால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றையே குளிரவைக்கும். இரண்டுமே வருடக்கணக்கில்தான் தெரியும். அதற்குள் நாம் வேறு கம்பெனிக்கு மாறியிருப்போம். தாத்தா அதே தெருவில்தான் இருப்பார்.

7. புராஜெக்ட் இப்ப எங்கே நிக்குது?

மூன்றாவது ஸ்லைடைத் தூக்கிவிட்டேன். அதற்குப் பதில் ஒரு புது அத்தியாயம்: தோண்டும் முன்பே சுற்றியுள்ள ஊற்றுகளின் மட்டம், வெப்பம், உப்பு அளவு மூன்றையும் குறைந்தது ஒரு வருடம் பதிவு செய்வது, அந்தப் பதிவை ஊர்க்காரர்கள் கையிலும் கொடுப்பது, எவ்வளவு குறைந்தால் நிலையத்தை நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. கைடு பார்த்துவிட்டு, "இது மெக்கானிக்கல் இல்லையேப்பா" என்றார். மெக்கானிக்கல்தான் சார் என்று சொல்லியிருக்கிறேன். மார்ச் ரிவ்யூவில் தெரியும்.

இது ஜப்பான் கதை மட்டும் இல்லை. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் புவிவெப்ப மின்சாரத்துக்கு 2021-ல் ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. நம்மில் யாராவது நாளைக்கு அங்கே வேலைக்குப் போகலாம். அங்கேயும் மேய்ச்சல்காரர்கள் இருக்கிறார்கள், அவங்களும் ஏதாவது கேட்பாங்க.

பெப்பு போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில குறிப்புகள். சின்னத் துண்டு ஒன்றும் நூறு யென் சில்லறையும் எப்போதும் பையில் இருக்கட்டும். டாட்டூ இருந்தால் வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் விடமாட்டார்கள். முதல் தடவை அஞ்சு நிமிஷத்துக்கு மேல் தொட்டியில் உட்காராதீங்க, தலை சுத்தும். வெளியே வந்ததும் தண்ணீர் குடியுங்கள். 88 ஒன்சென்களில் முத்திரை வாங்கினால் 'ஒன்சென் மாஸ்டர்' பட்டம் தருகிறார்கள். நான் வாங்கியது ஆறு, மிச்சம் 82.

அப்புறம் முக்கியமானது: பச்சைத் தண்ணீர்க் குழாயைக் கேட்காமத் திறக்காதீங்க.