ராணிக்குச் சிலை வேண்டுமா?

கேள்வி: திருவிதாங்கூரில் கல்விக்கு வித்திட்ட ராணி கௌரி பார்வதி பாய்க்குப் பொது இடத்தில் சிலை வைப்பது தகுமா? (வாசகர், பூவார்)

பதில்: தகும். ஆனால் கிரீடம் சூடிய உருவமாக மட்டும் வேண்டாம். 1815 முதல் 1829 வரை பொறுப்பேற்று ஆண்ட அவர், 1817-இல் மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டபோது அவருக்கு வயது சுமார் 15. யோசனை பிரிட்டிஷ் ரெசிடென்ட் மன்றோவுடையது, ராணி ஒப்பமிட்டார், அவ்வளவுதான் என்பார்கள். இருக்கட்டும். திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் எதிரே திவான் மாதவராவ் நிற்கிறார். அந்த முனைக்கே ‘ஸ்டேச்சு’ என்று பேர். அவருக்குப் பின்னால் மன்னர் இருந்ததால் அவர் பெருமை குறைந்தது என்று யாரும் வாதிடவில்லையே! ராணிக்கு மட்டும் எதற்கு வேறு தராசு?

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்த ஆணை எல்லோரையும் எட்டவில்லை. ஏறக்குறைய நூறாண்டு கழித்தும், உங்கள் பக்கத்து ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற தலித் சிறுமியை சமூகப் போராளி அய்யன்காளி பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது பள்ளிக்கே தீ வைத்தார்கள். ஆகவே ராணியை உயரமான பீடத்தில் ஏற்றாமல், கையில் ஆணையோடு தரையில் நிறுத்தட்டும் சிற்பி. எதிரே, கருகிய பெஞ்சில், சிலேட்டுடன் பஞ்சமி உட்கார்ந்திருக்கட்டும்.