எண்ணைத் தலைப்பில் ஏற்றும் முன்

செய்தி மேசையிலோ கொள்கை ஆய்வு நிறுவனத்திலோ புதிதாகச் சேர்ந்திருப்பவரா நீங்கள்? உலகப் பாதுகாப்பு பற்றிய புள்ளிவிவரம் கைக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதில் எதை எண்ணியிருக்கிறார்கள்?

அகதிகள் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 முடிவில் 12.32 கோடிப் பேர் கட்டாயமாக இடம்பெயர்ந்த நிலையில் இருந்தார்கள் என்கிறது ஐ.நா. அகதிகள் முகமை. ‘உலகில் 12 கோடி அகதிகள்’ என்று தலைப்பு வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள். எல்லை தாண்டிய அகதிகள் 4.27 கோடிப் பேர்தான். 7.35 கோடிப் பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே வீடு வாசலை விட்டு ஓடியவர்கள். சூடானில் இடம்பெயர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வகை. எல்லை தாண்டாதவருக்கு 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம் பொருந்தாது. அவரையும் அகதி என்று எழுதினால், இல்லாத பாதுகாப்பு அவருக்கு இருப்பதாக வாசகர் நம்பிவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இராணுவச் செலவில் வேறு சிக்கல். ஸ்டாக்ஹோமில் இயங்கும் சிப்ரி நிறுவனம் உலக நாடுகளின் மொத்தச் செலவை 2023க்கு 2,44,300 கோடி டாலர் என்றும், 2024க்கு 2,71,800 கோடி டாலர் என்றும் அறிவித்தது. கணக்குப் போட்டால் உயர்வு 11 சதவீதத்தைத் தாண்டுகிறது. சிப்ரி சொல்வதோ 9.4. விலைவாசி உயர்வைக் கழித்த பிறகு கிடைக்கும் உண்மை உயர்வு அது. பழைய ஆண்டுகளின் கணக்கையும் அவர்கள் அவ்வப்போது திருத்துகிறார்கள். ஆகவே போன வருட அறிக்கையையும் இந்த வருட அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக் கழிக்காதீர்கள். புதிய தரவுத் தொகுப்பிலிருந்தே இரண்டு ஆண்டுகளையும் எடுங்கள்.

அணுகுண்டுகளிலும் எதை எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2025 ஜனவரியில் சிப்ரியின் மதிப்பீடு 12,241. அதில் இராணுவங்களின் இருப்பில் உள்ளவை 9,614. மற்றவை ஓய்வு கொடுக்கப்பட்டு, பிரித்தழிக்கக் காத்திருப்பவை.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பத்து மில்லியன் ஒரு கோடி, ஒரு பில்லியன் நூறு கோடி. இரவுப் பணியின் அவசரத்தில் ஒரு பூஜ்யம் நழுவினால் ஒரு நாடே காணாமல் போகும். மாற்றிய எண்ணைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சிப்ரியின் செலவுக் கணக்கு ஏப்ரலில் வரும், அகதிகள் அறிக்கை ஜூனில். இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அறிக்கை வந்த அன்று முதலில் வரையறைப் பக்கத்தைப் படியுங்கள், பத்திரிகைக் குறிப்பு பிறகு.