சிறைச்சாலையின் மூன்று மாதக் கணக்கு

தம்மிடம் வந்தவரைத் திருப்பி அனுப்ப இயலாத அரசாங்க இலாகாக்கள் மிகச் சில. பள்ளியில் இடம் போதாவிடில் பிற்பகல் வகுப்பு தொடங்கலாம். மருத்துவமனை, அவசரமில்லாத சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுக்கலாம். வீடு கேட்டு விண்ணப்பித்தவரைப் பெயர் பதிந்து காத்திருக்கச் சொல்லலாம். சிறைச்சாலை இலாகாவுக்கு இவ்வசதி எதுவும் இல்லை. நீதிமன்றத்தின் ஆணையோடு ஒருவர் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டால், அன்றிரவே அவருக்குப் படுக்க இடமும் உடுக்க உடையும் உண்ண உணவும் கொடுத்தாக வேண்டும். எத்தனை பேர் வருவர் என்பதை இலாகா முடிவு செய்வதில்லை. எப்போது விடுதலையாவர் என்பதும் பெரும்பாலும் அதன் கையில் இல்லை. ஆயினும் அதற்குரிய பணம் ஆண்டு தொடங்கும் முன்னரே அளந்து கொடுக்கப்பட்டு விடுகிறது. ஆளின் கணக்கு ஓரிடத்திலும் பணத்தின் கணக்கு வேறோரிடத்திலும் முடிவாகும் இத்தகைய இலாகாவின் செலவை, மூன்று மாதங்களுக்கு ஒரு முறை எவ்வாறு படித்தறிவது என்பதே இக்கட்டுரையில் நாம் காணப் போகும் பாடம்.

நமது கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி சிறைச்சாலைகள் கூட்டரசின் பொறுப்பாகும். ஆகவே பெர்லிஸ் முதல் சபா, சரவாக் வரை எல்லாச் சிறைகளும் காஜாங்கில் தலைமையகத்தைக் கொண்ட ஒரே இலாகாவின் கீழ் இயங்குகின்றன. உள்துறை அமைச்சு அதற்குப் பொறுப்பேற்கிறது. அரசியலமைப்பின் 99ஆம் பிரிவின்படி ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவு அறிக்கை மக்களவை முன் வைக்கப்படுகிறது. 100ஆம் பிரிவின்படி செலவுக்கான மசோதா நிறைவேறுகிறது. நாட்டின் கடனுக்குரிய செலவும், உயர்நிலை நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளமும் இவ்வாறு ஆண்டுதோறும் வாக்குக்கு விடப்படுவதில்லை. அவை திரட்டு நிதியிலிருந்து நேரே செலுத்தப்படுகின்றன. தண்டனை விதிக்கும் நீதிபதியின் சம்பளம் வாக்குக்கு வருவதில்லை. தண்டனை பெற்றவரின் சோற்றுக்குரிய பணமோ ஆண்டுதோறும் மக்களவையின் வாக்குக்குக் காத்திருக்கிறது.

அவ்வாறு கிடைத்த பணம் ஒரே குவியலாகக் கிடப்பதில்லை. அரசாங்கக் கணக்கில் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் ஓர் எண் உண்டு. 10000 என்பது சம்பளமும் படிகளும். 20000 என்பது சேவைகளும் பொருள்களும். 30000 என்பது சொத்துகள் வாங்குதல். இரண்டாம் வகைக்குள் 23000 மின்சாரம், நீர், தொலைபேசி ஆகியவற்றுக்கும், 25000 உணவுப் பொருள்களுக்கும், 28000 பராமரிப்புக்கும் சிறு பழுதுபார்ப்புக்கும் உரியவை. அடுப்பங்கரையில் அரிசிப் பானையும் பருப்பு டப்பாவும் தனித்தனியே இருப்பதைப் போன்றதே இது. ஒன்றில் மீந்ததை இன்னொன்றுக்கு மாற்றலாம். ஆனால் விதிகளுக்கு உட்பட்டு, உரிய அனுமதி பெற்ற பின்னரே மாற்றலாம். ஆண்டு முடிவில் செலவாகாமல் எஞ்சிய ஒதுக்கீடு காலாவதியாகி விடும். இதன்றி, ஒவ்வோர் இலாகாவிலும் நிதி, கணக்கு நிர்வாகக் குழு ஒன்று இருக்க வேண்டும். அது காலாண்டுக்கு ஒரு முறையேனும் கூடி, எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு மீதமுள்ளது, தணிக்கையாளர் சுட்டிய குறைகள் திருத்தப்பட்டனவா என்று ஆராய வேண்டும்.

அக்குழுவின் மேசைமீது வைக்கப்படும் தாளில் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு விழுக்காடுதான். மார்ச் முடிவில் 25 விழுக்காடு செலவாகியிருந்தால் நல்லது, கூடினால் ஊதாரித்தனம், குறைந்தால் சிக்கனம் என்று பலரும் கருதுவர். சிறைச்சாலைக் கணக்கைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஆபத்தானது என்பதே நமது கருத்து. அதனை ஒரு கணக்கைக் கொண்டு விளக்குவோம்.

கரும்பலகைக் கணக்கு

ஒரு சிறையில் 1,000 பேர் இருப்பர் எனத் திட்டமிடப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு உணவுச் செலவு 15 வெள்ளி எனவும் கொள்வோம். இவை பாடத்திற்காக நாம் எடுத்துக்கொண்ட எண்களேயன்றி எந்தச் சிறையின் உண்மைக் கணக்கும் அல்ல. அப்படியானால் 365 நாள்களுக்கு உணவு ஒதுக்கீடு 5,475,000 வெள்ளி ஆகும்.

ஆண்டு பிறந்ததும் சிறையில் இருப்போர் 1,000 பேர் அல்லர், 1,200 பேர். நாள் செலவு 15,000 வெள்ளியிலிருந்து 18,000 வெள்ளியாக உயர்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள 90 நாள்களுக்கு உண்ட உணவின் விலை 1,620,000 வெள்ளி. அது ஆண்டு ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 29.6 விழுக்காடு. இதைக் கண்டவுடன் அபாயச் சங்கு ஊத வேண்டும் அல்லவா?

ஊதுவதில்லை, அதற்குக் காரணம் உண்டு. ஒப்பந்தக்காரர் மார்ச் மாதம் முழுவதும் அரிசியும் மீனும் காய்கறியும் கொடுத்து முடித்த பின்னர்தான் பில் அனுப்புகிறார். அதைச் சரிபார்த்துப் பணம் கொடுப்பது ஏப்ரலில் நடைபெறுகிறது. ஆகவே மார்ச் 31ஆம் நாள் வரை உண்மையில் கொடுக்கப்பட்டது ஜனவரி, பிப்ரவரி ஆகிய 59 நாள்களின் விலையான 1,062,000 வெள்ளி மட்டுமே. தாளில் தெரிவது 19.4 விழுக்காடு. 25 இருக்க வேண்டிய இடத்தில் 19.4! கணக்கை மேலோட்டமாகப் பார்ப்பவர், இச்சிறையின் அதிகாரி நன்கு சிக்கனம் செய்கிறார் என்று பாராட்டுவார். உண்மையிலோ அச்சிறை தனக்குரியதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவிட்டுக் கொண்டிருக்கிறது.

இப்படியே விட்டுவிட்டால் என்னவாகும்? 5,475,000 வெள்ளியை 18,000 வெள்ளியால் வகுத்தால் 304 நாள்கள். ஆண்டின் 304ஆவது நாள் அக்டோபர் 31. அன்றைய இரவு உணவோடு ஒதுக்கீடு முடிந்து, கையில் 3,000 வெள்ளி எஞ்சும். நவம்பரும் டிசம்பரும் சேர்ந்து 61 நாள்கள். துண்டு விழும் தொகை 1,095,000 வெள்ளி.

நமது தோட்டப்புறங்களில் கடைப் பற்றில் சாமான் வாங்கிப் பழகிய குடும்பத் தலைவிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையிலிருந்து எவ்வளவு கொடுத்தோம் என்பது ஒரு கணக்கு. கடைக்காரரின் நோட்டில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது மற்றொரு கணக்கு. இரண்டாவதைப் பாராமல் முதலாவதை மட்டும் பார்ப்பவர் சம்பள நாளன்று திகைத்து நிற்பார். காலாண்டு அறிக்கையிலும் கொடுத்த தொகைக்குப் பக்கத்தில், கொடுக்க வேண்டிய தொகையும், அந்த மூன்று மாதங்களில் நாள்தோறும் இருந்த ஆள் எண்ணிக்கையின் சராசரியும் இருந்தாக வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே இல்லாத அறிக்கை, செக்ரோல் இல்லாமல் சம்பளம் போடுவதற்கு ஒப்பாகும்.

சேமிப்புப் போலத் தோன்றுபவை

இன்னொரு மறைவும் உண்டு. சம்பளம் மாதந்தோறும் ஒரே சீராகச் செல்லும் பெருஞ்செலவு. எல்லாவற்றையும் கூட்டி ஒரே விழுக்காடாகக் காட்டும்போது சம்பளத்தின் சீர்மை உணவின் நெருக்கடியை மூடிவிடும். காவலர் பணியிடங்கள் பல நிரப்பப்படாமல் கிடந்தால் சம்பளத் தலைப்பில் பணம் மீளும். அதை உணவுத் தலைப்புக்கு மாற்ற அனுமதி கிடைத்தால் ஆண்டு சிக்கலின்றிக் கழிந்ததாகத் தோன்றும். இதனை நாம் சேமிப்பு எனக் கூற மாட்டோம். ஆள் குறைந்த காவலில் நிற்பவர் நீண்ட நேரம் நிற்கிறார். கைதிகளைத் தச்சுப் பட்டறைக்கும் வகுப்பறைக்கும் அழைத்துச் செல்ல ஆள் இல்லாமற் போனால் அவர்கள் அறையிலேயே அடைந்து கிடப்பர். தொழில் கற்று வெளியேற வேண்டியவர் கற்காமலே வெளியேறுவதற்குக் கணக்கில் எண் எதுவும் இல்லை.

நெருக்கடி வரும்போது முதலில் வெட்டுப்படுவது பழுதுபார்ப்பு. சோற்றை நிறுத்த முடியாது, சம்பளத்தை நிறுத்த முடியாது, மின்சாரத்தைத் துண்டிக்க முடியாது. ஒழுகும் கூரையோ அடுத்த ஆண்டு வரை ஒழுகலாம். 1879ஆம் ஆண்டில் கட்டப்பட்ட தைப்பிங் சிறை போன்ற பழங்கட்டடங்களை வைத்திருக்கும் இலாகாவுக்கு இது சிறு விஷயமன்று. கோலாலம்பூரில் 1895இல் கட்டி முடிக்கப்பட்ட புடு சிறை 1996இல் மூடப்படும் வரை ஒரு நூற்றாண்டு பயன்பட்டது என்பதை நினைத்தால், சிறைக் கட்டடங்கள் எவ்வளவு காலம் பராமரிப்பை வேண்டி நிற்கும் என்பது புரியும்.

ஓர் ஆண்டின் காலாண்டை முந்திய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை. 2024 டிசம்பரில் பொதுச் சேவை ஊழியர்களுக்குப் புதிய சம்பள முறை நடப்புக்கு வந்தது. அதனால் 2025இன் முதற் காலாண்டில் சம்பளச் செலவு கூடித் தெரிந்தால் அதில் நிர்வாகத்தின் குற்றம் ஏதுமில்லை.

எதிர்பாராதவை நேர்ந்தபோது

2020ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் 2019 அக்டோபர் 11ஆம் நாள் தாக்கல் செய்யப்பட்டது. அன்று கோவிட்-19 என்ற பெயரை உலகில் யாரும் கேட்டதில்லை. ஓராண்டு கழித்து, 2020 அக்டோபரில், அந்நோய் அலோர் ஸ்டார் சிறையிலும் பினாங்கு விசாரணைக் கைதிகள் சிறையிலும் பரவியது. நெருங்கிப் படுக்கும் இடத்தில் நோயாளியைப் பிரித்து வைக்க வேண்டும். முகக் கவசம், பரிசோதனை, கிருமிநாசினி எல்லாம் வேண்டும். நான்காம் காலாண்டில் வந்து நின்ற இச்செலவை எந்த அதிகாரியாலும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. இத்தகைய அவசரங்களுக்காகவே அரசியலமைப்பின் 103ஆம் பிரிவு எதிர்பாராச் செலவு நிதி ஒன்றுக்கும், 101ஆம் பிரிவு துணைச் செலவுக்கும் வழி வைத்திருக்கின்றன.

முதற் காலாண்டுக்கே பணம் இல்லாமற் போகும் நிலையும் ஒரு முறை நெருங்கி வந்தது. 2023ஆம் ஆண்டின் திட்டம் 2022 அக்டோபர் 7இல் தாக்கலாயிற்று; மூன்றே நாளில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. நவம்பர் 19இல் பொதுத் தேர்தல் நடந்து புதிய அரசாங்கம் அமைந்தபோது ஆண்டு முடியச் சில வாரங்களே இருந்தன. டிசம்பர் 20ஆம் நாள் மக்களவை இடைக்காலச் செலவு மசோதா ஒன்றை நிறைவேற்றியது; முழுத் திட்டம் 2023 பிப்ரவரி 24இல் மீண்டும் தாக்கலாயிற்று. அரசியலமைப்பின் 102ஆம் பிரிவு இடம் கொடுக்கும் இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால், ஜனவரி முதல் நாளன்று சிறைக் காவலரின் சம்பளத்திற்கும் கைதியின் கஞ்சிக்கும் சட்டப்படி எடுக்கத்தக்க பணம் இருந்திராது.

ஆள் எண்ணிக்கையே அடிப்படை என்றால், அதைக் குறைப்பது எவ்வாறு? இங்கே நாம் சிறை மதிலுக்கு வெளியே பார்க்க வேண்டும். சிறையில் இருப்போர் அனைவரும் தண்டனை பெற்றவர் அல்லர். வழக்கு முடியாமல் விசாரணைக்குக் காத்திருப்போரும் உளர். அவர்களுள் சிலருக்கு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்திருக்கும். ஜாமீன் கட்டத்தான் ஆள் இருக்காது. ஒருவருக்கு ஜாமீன் 1,500 வெள்ளி என்று கொள்வோம். முன்பு எடுத்துக்கொண்ட 15 வெள்ளிக் கணக்கின்படி, அவர் உள்ளே இருக்கும் நூறாவது நாளில் அவருக்கு இட்ட உணவின் விலையே 1,500 வெள்ளி ஆகிவிடும். அந்த நூறு நாளும் அவர் வேலைக்குச் செல்லவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது வேறு கேள்வி. ஜாமீன் பணம் அபராதம் அன்று. குறித்த நாள்களில் தவறாமல் நீதிமன்றம் சென்று வழக்கு முடிந்தால் அது திரும்பக் கிடைக்கும். இதனை அறியாமல் பணம் போய்விடும் என்று அஞ்சி உறவினர் ஒதுங்கிக் கொள்வதும் உண்டு. வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாத குடும்பத்தார், 2012 முதல் செயற்பட்டு வரும் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் துணையை நாடலாம்.

தண்டனை பெற்றவர்களுக்கும் வழிகள் உள்ளன. சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாக நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மிகாமல் வேலைக்கு வரும்படி ஆணையிட 1954ஆம் ஆண்டின் கட்டாய வருகைச் சட்டம் இடமளிக்கிறது. 1995ஆம் ஆண்டின் சிறைச்சாலைச் சட்டம் 2008இல் திருத்தப்பட்டு பரோல் முறை வந்தது. ஓராண்டுக்குக் குறையாத தண்டனை பெற்று அதில் பாதியைக் கழித்தவரை அக்குழு ஆராயலாம். அனுமதி பெற்று வெளியில் தங்கி வேலை செய்யும் முறையும் உண்டு. 2020இல் வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு தடைப்பட்டபோது எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இவர்களை வேலைக்கு அமர்த்தும் பேச்சு எழுந்ததை வாசகர் நினைவு கூரலாம். அத்தகையவர் நம் தோட்டத்திற்கு வந்தால் பெரட்டில் மற்றவர்களோடு சேர்ந்து நிற்கும் தொழிலாளியே ஆவார். அவரைக் கூலி குறைந்த ஆளாக எண்ணுவது தகாது.

ஆனால் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. ஒருவர் வெளியேறினால் குறைவது அவருடைய உணவும் உடையும் மருந்தும் மட்டுமே. காவல் கோபுரத்தில் நிற்பவரும் விளக்கும் மதிலும் அப்படியே இருப்பர், இருக்கும். நூறு பேர் வெளியேறி ஒரு கட்டடப் பகுதியே மூடப்பட்டால்தான் பெருஞ்செலவு குறையத் தொடங்கும். வெளியில் இருப்போரை மேற்பார்வை செய்ய அதிகாரிகள் வேண்டும், அதுவும் செலவே. எனவே பரோல் தொடங்கிய அதே காலாண்டில் சிறைச் செலவு சரிந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

அடுத்த ஆண்டின் மதிப்பீடு அக்டோபரில் மக்களவைக்குச் செல்கிறது. அப்போது மூன்றாம் காலாண்டின் பில்கள் முழுமையாக வந்து சேர்ந்திருப்பதில்லை. ஆதலால் மதிப்பீடு தயாராகும்போது கையில் இருப்பவை முதல் இரு காலாண்டுகளின் ஆள் எண்ணிக்கைகளே. அவற்றில் 1,200 என்று எழுத வேண்டிய இடத்தில், பழைய பழக்கத்தால் 1,000 என்று எழுதிவிட்டால், அக்டோபர் 31 மறு ஆண்டும் வரும். துண்டு விழுந்த தொகைக்கான துணைச் செலவு மசோதாவோ ஆண்டு முடிந்து மறு ஆண்டிலும் மக்களவைக்கு வருவதுண்டு. அச்செய்தியை நாளேட்டில் நாம் படிக்கும்போது, அந்த அரிசி உலையேறிச் சில மாதங்கள் ஆகியிருக்கும்.