கிம்ப்பில் ஒத்திகை, பொம்மையில் சீருடை

வரலாற்றில் நடந்த போரை மேஜை மேல் சிறு பொம்மை வீரர்களை வைத்து ஆடுவதுதான் வார்கேம். பொம்மைகள் பெரும்பாலும் 28 மி.மீ. உயரம் இருக்கும். வர்ணம் பூசும் வேலை நம்முடையது. ஒரு பிரிவுக்கு 24 பேர் என்றால் பல மாலைகள் அதிலேயே போய்விடும். அதனால் தூரிகையைத் தொடும் முன் கிம்ப் மென்பொருளில் ஒத்திகை பார்ப்பது என் வழக்கம். கிம்ப் இலவசமாகவே கிடைக்கிறது.

இந்த மாதம் நான் எடுத்துக்கொண்டது பிரெஞ்சு ஸுவாவ் படை. 1830-ல் அல்ஜீரியாவில் தொடங்கிய இப்படை 1862 மே 5 அன்று மெக்சிகோவின் புவெப்லா நகரில் மேட்டின் மீதிருந்த கோட்டைகளைத் தாக்கித் தோற்றது. இவர்களுக்குக் கருநீலக் குட்டைச் சட்டை, தொளதொளவென்ற சிவப்புக் கால்சட்டை, சிவப்புக் குல்லாய். சட்டையின் முன்புறம் இரு பக்கமும் சிவப்பு நாடாவால் ஒரு வளையம் தைத்திருப்பார்கள். அந்த வளையத்துக்குள் இருக்கும் நிறத்தை வைத்துத்தான் ரெஜிமெண்டை அடையாளம் காண முடியும்: 1-க்கு சிவப்பு, 2-க்கு வெள்ளை, 3-க்கு மஞ்சள். புவெப்லாவில் ஏறியது 2-வது ரெஜிமெண்ட், எனவே வெள்ளை.

முதலில் ஒரு பொம்மைக்கு வெள்ளைப் பிரைமர் அடியுங்கள். உங்களிடம் உள்ள பெயிண்டுகளை ஒரு வெள்ளை அட்டையில் பொட்டுப் பொட்டாக வைத்துக் காயவிடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். மானிட்டரில் கண்ணுக்குப் பிடித்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. அந்த நிறம் உங்கள் டப்பாவில் இருக்காது.

படத்தைக் கிம்ப்பில் திறந்து, லேயர் மெனுவில் நியூ லேயர் கொடுங்கள். மோட் என்ற இடத்தில் மல்டிப்ளை தேர்வு செய்யுங்கள். கலர் பிக்கரால் அட்டையிலுள்ள பொட்டைத் தொட்டு நிறத்தை எடுத்து, சட்டை மேல் பிரஷ்ஷால் பூசுங்கள். துணி மடிப்பின் நிழல் அடியிலிருந்து தெரியும். சட்டை, கால்சட்டை, நாடா, வளையம் ஒவ்வொன்றுக்கும் தனி லேயர் வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. லேயர் மெனுவில் நியூ ஃப்ரம் விசிபிள் கொடுத்து, அந்தப் புது லேயரை மட்டும் கலர்ஸ் மெனுவில் உள்ள டீசாச்சுரேட் மூலம் கறுப்பு வெள்ளையாக்குங்கள். சட்டையும் நாடாவும் ஒரே சாம்பல் திட்டாகத் தெரிகிறதா? அப்படியானால் மேஜையில் மூன்றடி தள்ளி நிற்பவருக்கும் நாடா தெரியாது. அசல் சீருடை கருநீலம்தான். ஆனால் இவ்வளவு சிறிய பொம்மையில் அது கறுப்பாகிவிடும். நான் சட்டையை இரண்டு படி வெளுத்த நீலமாக்கி, நாடாவுக்கு மட்டும் சிவப்பில் சிறிது ஆரஞ்சு கலப்பேன். வரலாற்றுச் சுத்தம் பேசுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

வேலை முடிந்ததும் எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபெக்கில் சேமித்தால் லேயர்கள் போய்விடும். நாளைக்கு 3-வது ரெஜிமெண்ட் வேண்டுமென்றால் வளைய லேயரில் மட்டும் மஞ்சள் பூசினால் போதும்.