ஒரே எழுத்தை இருமுறை வாசித்தல்

உயர்தரத்தில் நான் எடுத்த பாடங்களில் யப்பானிய மொழியும் ஒன்று. ஆனால் இங்கே எழுதப்போவது, பரீட்சைக்கென்று நான் படிக்காத ஒரு விடயம்: 'கன்புன்'.

சீன எழுத்தில், சீன மொழியின் ஒழுங்கில் எழுதப்பட்ட பனுவலே கன்புன். 720இல் முடிவுற்ற 'நிஹோன் ஷொகி' என்ற வரலாற்று நூல் அப்படி எழுதப்பட்டதுதான். யப்பானியர் அத்தகைய நூல்களைச் சீனமாக ஓதாமல், எழுத்துகளுக்கிடையே முன்னும் பின்னும் தாவித் தம் மொழியாகவே வாசித்தார்கள். இம்முறைக்குப் பெயர் 'குன்தொகு'.

'வாசி', 'நூல்' என இரண்டு எழுத்துகள் மேலும் கீழுமாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சீனத்தில் வினை முன்னே வரும். யப்பானியத்தில், நம் தமிழைப் போல, இறுதியில் வரும். எனவே இரண்டுக்கும் இடையில், இடப்பக்கத்தில், கொக்கி போன்ற 'ரே' குறி இடுவார்கள். கீழுள்ளதை முதலில் வாசித்துவிட்டு மேலே திரும்ப வேண்டும். 'நூல்' என்பதன் வலப்பக்கத்தில் சிறிதாக ஒரு 'ஒ' இருக்கும். அது நம் 'ஐ' உருபு. இப்போது 'ஷொ ஒ யொமு', அதாவது 'நூலை வாசித்தல்'. தூரத் தாவலுக்கு ஒன்று, இரண்டு என்று இலக்கமிடுவார்கள்.

குர்ஆனை ஹரகத்தோடு ஓதிப் பழகிய நமக்கு எழுத்தைச் சுற்றிக் குறிகள் இருப்பது புதிதல்ல. ஆனால் ஹரகத் ஓசையைச் சொல்லும். இந்தக் குறிகள் கண் போகவேண்டிய வழியைச் சொல்கின்றன. அக்காலப் பௌத்த துறவிகள் சிலர் மையே இல்லாமல், கூரிய கோலால் தாளை அழுத்திக் குறியிட்டார்களாம். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்!

ஒருநாள் டீச்சர் குறியில்லாமல் மூன்று எழுத்துகளைப் பலகையில் எழுதினார்: 'மி', 'வாசி', 'நூல்'. 'மி' எதிர்மறை என்பது மட்டும் எனக்குத் தெரியும். 'நூலை வாசிக்காதே' என்று எழுதிக் கொடுத்தேன். முழுப்பிழை. டீச்சர் சிங்களவர். "தவம கியெவ்வே நெ" என்று மெல்லச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இன்னும் வாசிக்கவில்லை! 'மி'யை முதலில் 'இமத' (இன்னும்) என்றும், கடைசியில் திரும்பி வந்து 'ஸு' (இல்லை) என்றும் இருமுறை வாசிக்க வேண்டும். 1, 3, 2, மறுபடி 1. நான் வீட்டில் நாள்தோறும் பேசுகிற ஒழுங்கு அது. அந்நிய மொழி என்ற பயத்தில் அதை மறந்து நின்றேன்.

இதே 'மி'யோடு 'வா' என்ற எழுத்தைச் சேர்த்தால் 'மிராய்': எதிர்காலம். எழுத்துப்படி, 'இன்னும் வரவில்லை'.

இப்போது குறியில்லாத வரிகளை டீச்சர் வாரம் ஒன்றாகத் தருகிறார். பென்சிலால்தான் குறியிடுகிறேன். சென்ற வார வரியில் நானும் பக்கத்து மேசைத் தோழியும் வேறு வேறு இடத்தில் 'ரே' போட்டிருக்கிறோம். இருவரும் இன்னும் அழிக்கவில்லை.