பாதாளக்கரண்டியும் காந்தக் கோலும்: இரவல் பொருளில் ஒரு பாடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மதீனாவில் குபா பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அரீஸ் என்றொரு கிணறு இருந்தது. நபி (ஸல்) அவர்களின் முத்திரை மோதிரம் அவர்களுக்குப் பின் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) என்று ஒருவர்பின் ஒருவராகக் கைமாறி வந்தது. அது வெள்ளி மோதிரம். ஒருநாள் உஸ்மான் (ரலி) அவர்கள் அந்தக் கிணற்றின்மீது அமர்ந்து மோதிரத்தைக் கழற்றித் திருப்பிக்கொண்டிருந்தபோது அது கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் நீரை இறைத்துத் தேடியும் கிடைக்கவில்லை என்று புகாரியில் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு சொல்கிறது.

இருட்டான, கை எட்டாத இடத்தில் ஒரு பொருள் விழுந்துவிட்டால் மனிதன் என்ன பாடுபடுகிறான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நம் வீடுகளிலும் இது நடக்கிறது. பீரோவுக்குப் பின்னால் சாவி, தையல் மிஷினுக்குள் ஊசி, வாஷ்பேசின் குழாயில் தோட்டின் திருகாணி, ஹவுளில் மோதிரம். இந்த இதழில் அதற்கான ஒரு சிறு கருவியைப் பற்றியும், அதை வைத்து நம் மார்க்கம் கற்றுத்தரும் ஒரு பெரிய விஷயத்தைப் பற்றியும் பார்ப்போம்.

பாட்டி காலத்துக் கருவி

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பாதாளக்கரண்டி நினைவிருக்கும். ஓர் இரும்பு வளையம். அதைச் சுற்றி வளைந்த கொக்கிகள். கயிற்றில் கட்டிக் கிணற்றின் அடிவரை இறக்கி, மெதுவாகச் சுற்றி இழுப்பார்கள். வாளியின் கைப்பிடியோ குடத்தின் கழுத்தோ ஏதாவது ஒரு கொக்கியில் மாட்டும். மாட்டியதும் கயிறு கனக்கும். அந்தக் கனத்தைக் கைதான் சொல்லும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

தெருவுக்கு ஒரு வீட்டில் அது இருந்தால் பெரிது. மற்ற எல்லோரும் அங்கே போய்த்தான் இரவல் வாங்குவார்கள். திரும்பி வரவேண்டுமே என்பதற்காகச் சில வீடுகளில் ஒரு சொம்பையோ குடத்தையோ வாங்கி வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். ஆனால் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

இன்றைய கருவி

கிணறுகள் குறைந்துவிட்டன. இன்று அந்த வேலையைச் செய்வது காந்தக் கோல். பழைய ரேடியோ ஏரியல் போல, மூடினால் பேனா அளவில் சட்டைப்பையில் அடங்கும். இழுத்தால் இரண்டு, இரண்டரை அடி நீளும். நுனியில் சிறு காந்தம். பல கோல்களில் காந்தத்தை ஒட்டியே சிறிய எல்.ஈ.டி. விளக்கும் உண்டு. சிலவற்றில் கழுத்து வளையும்.

இவ்வளவு சிறிய காந்தத்துக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? நல்ல கோல்களில் இருப்பது நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நம் செல்போன் ஒலிபெருக்கியிலும் இந்த வகைதான் இருக்கிறது. இதற்கு ஒரு பலவீனம் உண்டு. சாதாரண ரகம் சுமார் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் பலத்தை இழக்கத் தொடங்கும். எனவே அப்போதுதான் நிறுத்திய வண்டி எஞ்சினுக்குள் இதை விடக்கூடாது.

அட்டையில் எழுதியிருக்கும் எடையை அப்படியே நம்ப வேண்டாம். தடித்த, தட்டையான இரும்பு முழுமையாக ஒட்டும்போது அளந்த எடை அது. இடையில் துணியோ தூசியோ சிறு இடைவெளியோ இருந்தாலும் பிடி வெகுவாகக் குறைந்துவிடும்.

எது ஒட்டும், எது ஒட்டாது

வாங்கிய பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒட்டுபவை: இரும்பு ஆணி, திருகு, தையல் ஊசி, குண்டூசி, ஹிஜாப் பின்களில் பெரும்பாலானவை, ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அச்சான 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்கள்.

ஒட்டாதவை: தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை, அலுமினியம். எவர்சில்வர் பாத்திரங்களில் பல ரகங்களும் ஒட்டா. அரீஸ் கிணற்றில் விழுந்த வெள்ளி மோதிரத்துக்கு இன்றைய காந்தமும் உதவியிருக்காது.

பூட்டுச் சாவிகளில் பல பித்தளை. அவற்றையும் காந்தத்தால் எடுக்க ஒரு வழி உண்டு: சாவியை இரும்பு வளையத்தில் கோர்த்து வையுங்கள். சாவி விழுந்தாலும் வளையத்தைக் காந்தம் பிடிக்கும்.

இன்னொன்று. காந்தத்தில் ஒட்டாததால் ஒரு நகை தங்கம்தான் என்று முடிவு செய்யாதீர்கள். பித்தளையும் ஒட்டாது.

தங்கத் திருகாணி வாஷ்பேசினில் விழுந்தால் முதலில் குழாயை மூடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாதீர்கள். பேசினுக்குக் கீழே வளைவாகவோ பாட்டில் வடிவிலோ இருக்கும் பகுதியில்தான் பெரும்பாலும் அது தங்கியிருக்கும். கீழே ஒரு வாளியை வைத்து, அந்தப் பகுதியைத் திருகிக் கழற்றினால் கிடைத்துவிடும். பீரோ இடுக்கில் விழுந்திருந்தால், கோலின் நுனியில் இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றித் தொட்டு எடுக்கலாம். பிடியை அழுத்தினால் நான்கு விரல்போல் விரியும் இடுக்கிக் கோலும் கடைகளில் கிடைக்கிறது.

பயன்படுத்தும் முறை

முதலில் பாருங்கள், பிறகு விடுங்கள். வெளிச்சம் அடித்து, பொருள் எங்கே, எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அவசரமாகக் குத்தினால் அது இன்னும் உள்ளே போய்விடும்.

சுற்றிலும் இரும்பாக இருக்கும் இடத்தில் காந்தம் பக்கச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். காந்தத்தின் பக்கங்களை ஒரு துண்டுப் பிளாஸ்டிக் குழாயால் மூடி, நுனியை மட்டும் திறந்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

தையல் வேலை செய்யும் சகோதரிகளுக்கு: வேலை முடிந்ததும் காந்தத்தின்மேல் ஒரு பாலிதீன் உறையைப் போட்டுத் தரையில் ஒருமுறை மெதுவாக ஓட்டுங்கள். ஊசிகளும் உடைந்த முனைகளும் உறையில் ஒட்டும். உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி உருவினால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது ஒரு நிமிட வேலை. ஆனால் பெரிய பாதுகாப்பு.

எச்சரிக்கை: பொருளைவிட உயிர் பெரிது

கருவியைக் கொடுப்பதோடு அதன் ஆபத்தையும் சொல்வது நம் கடமை.

மின்சாரம்: கோல் உலோகம். சுவிட்ச் போர்டு, ஃபிரிட்ஜின் பின்புறம், மோட்டார் ஆகியவற்றில் மின்சாரத்தை முழுமையாக நிறுத்தாமல் விடக்கூடாது.

குழந்தைகள்: விளக்குள்ள கோல்களில் பெரும்பாலும் பொத்தான் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும். வட்ட வடிவ லித்தியம் பேட்டரி இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே கடும் காயத்தை உண்டாக்கும். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் சுவர்களுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துத் துளை போட்டுவிடும். விழுங்கிய சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். குழந்தையின் காதிலோ மூக்கிலோ போன பொருளை எடுக்க இந்தக் கோலைத் தொடவே கூடாது.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தத்தை நெஞ்சிலிருந்து அரை அடிக்கு மேல் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

கிணறும் கழிவுநீர்த் தொட்டியும்: இதைக் கவனமாகப் படியுங்கள். வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றிலும் செப்டிக் டேங்கிலும் ஆக்சிஜன் குறைந்து நச்சுவாயு தங்கியிருக்கும். வாளியையோ செல்போனையோ எடுக்க ஒருவர் இறங்கி மயங்குகிறார். அவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்கி அவரும் விழுகிறார். ஒரே வீட்டில் இரண்டு ஜனாஸா புறப்படுவது இப்படித்தான். கருவியை மட்டும் இறக்குங்கள். மனிதன் இறங்க வேண்டாம். யாராவது விழுந்துவிட்டால் பின்னால் இறங்காமல் தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழையுங்கள்.

கழிவுநீர்த் தொட்டியில் நகை விழுந்தது என்று கூலி கொடுத்து ஓர் ஏழையை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நமக்கு அது ஆகுமா? நம் பிள்ளையை இறக்கத் துணியாத குழிக்குள் இன்னொருவர் பிள்ளையை இறக்குவதற்கு எந்த நகையும் ஈடாகாது. அரீஸ் கிணற்றில் போனதைவிட மதிப்புள்ள மோதிரம் நம்மிடம் இல்லை. அதையே மூன்று நாள் தேடி விட்டுவிட்டார்கள். முயற்சிக்கும் ஓர் எல்லை உண்டு.

மாஊன்: கொடுக்க மறுக்கும் சிறு பொருள்

இனி பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருவோம். குர்ஆனின் 107ஆவது அத்தியாயத்தின் பெயர் அல்மாஊன். நம் மக்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடமான சிறிய சூரா. தொழுகையில் அலட்சியமாக இருப்போரையும் பிறர் பார்க்கத் தொழுவோரையும் கண்டித்துவிட்டு, மாஊனைத் தடுப்போரைக் கண்டித்து அந்த சூரா முடிகிறது.

மாஊன் என்றால் என்ன? நபி (ஸல்) அவர்களின் காலத்தில் வாளியையும் சட்டியையும் இரவல் கொடுப்பதையே தாங்கள் மாஊன் என்று கருதி வந்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கூறியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஜகாத் என்று விளக்கம் சொன்ன அறிஞர்களும் உண்டு. அண்டை வீட்டார் கேட்கும் சாதாரணப் பொருள் என்பது பிரபலமான விளக்கம். ஒரு சட்டி, ஒரு வாளி, ஒரு கோடரி! இதைத் தர மறுக்கும் குணம் தொழுகையில் பொடுபோக்காக இருப்பதோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது என்றால், அது எவ்வளவு பெரிய குணக்கேடு என்று யோசியுங்கள். பாதாளக்கரண்டி கொடுத்த நம் பாட்டிமார்கள் இந்த விளக்கத்தைக் கிதாபில் படித்தவர்கள் அல்லர். ஆனால் அதன்படி நடந்தார்கள்.

இன்று தெருவில் யாரிடம் ஏணி இருக்கிறது, யாரிடம் டிரில் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது. வருடத்தில் இரண்டு முறை தேவைப்படும் பொருளை ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வாங்கி, அது பரணில் துருப்பிடிக்கிறது. வாங்க முடியாத வீடு சொல்ல முடியாமல் தவிக்கிறது.

வாங்குபவரின் கடமை

கொடுப்பவருக்கு மட்டும் பாடம் சொன்னால் அது பாதிப் பாடம். ஹுனைன் போருக்காக நபி (ஸல்) அவர்கள் ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் கவசங்களை இரவல் கேட்டார்கள். அவர் அப்போது முஸ்லிமாகவில்லை. பறிப்பதா என்று கேட்டார். இல்லை, பொறுப்பேற்று வாங்கும் இரவல் என்று பதில் சொன்னார்கள். அவற்றில் சில தொலைந்தபோது ஈடு தரவும் முன்வந்தார்கள்.

ஃபிக்ஹில் இதற்கு ஆரியத் என்று பெயர். ஷாஃபிஈ மத்ஹபில், அனுமதித்த முறையில் பயன்படுத்தியதால் ஏற்பட்ட தேய்மானம் தவிர, இரவல் பொருள் கெட்டால் வாங்கியவர் ஈடு கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அது அமானிதம். வரம்பு மீறாமலும் கவனக்குறைவு இல்லாமலும் கெட்டுப்போனால் ஈடு இல்லை. கேட்காமல் மூன்றாமவர் கையில் கொடுத்துவிடுவது, வேலை முடிந்த பின்னும் மாதக்கணக்கில் வைத்துக்கொள்வது இரண்டும் நம்மிடையே சாதாரணமாகிவிட்டன. இதனால்தான் கொடுப்பவர் கையும் சுருங்கிவிட்டது.

ஹவுளிலோ பொதுக் குழாயிலோ உங்கள் பொருளைத் தேடும்போது வேறொருவர் பொருள் காந்தத்தில் ஒட்டி வந்தால் அது லுக்தா, அதாவது கண்டெடுத்த பொருள். அதன் அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, மதிப்புள்ளதாக இருந்தால் ஓராண்டு அறிவிக்கும்படி ஹதீஸ் வழிகாட்டுகிறது. எனவே இமாமிடமோ ஜமாஅத் நிர்வாகியிடமோ ஒப்படையுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

தெருவுக்கு ஒரு வீடாவது ஒரு காந்தக் கோல், ஓர் ஏணி, ஒரு டார்ச் வைத்துக்கொள்ளட்டும். அது யார் வீட்டில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரும் தேதியும் எழுதினால் போதும். சொம்பு அடமானம் தேவையில்லை. கேட்க வருபவர் முஸ்லிமா, மாற்று மதச் சகோதரரா என்று பார்க்க வேண்டாம். அண்டை வீட்டாருக்கு உரிமை உண்டு. ஸஃப்வானிடம் இரவல் வாங்கியதும் நமக்கு முன்மாதிரிதான்.

வீட்டில் பிள்ளைகளிடம் கேளுங்கள்

1. அரீஸ் கிணற்றில் விழுந்த மோதிரத்தைக் காந்தத்தால் எடுக்க முடியாதது ஏன்?
2. பித்தளைச் சாவி காந்தத்தில் சிக்க என்ன செய்யலாம்?
3. கிணற்றுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன? செய்யக் கூடாதது என்ன?
4. மாஊன் என்பதற்கு இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கூறிய விளக்கம் என்ன?
5. நம் வீட்டில் இப்போது யாருடைய இரவல் பொருள் இருக்கிறது? அதை எப்போது திருப்பிக் கொடுக்கப் போகிறோம்?

கடைசிக் கேள்விக்குப் பெரியவர்களும் பதில் சொல்ல வேண்டும். முடிந்தால் இன்றே.

கேட்டவருக்கு முகம் சுளிக்காமல் கொடுக்கும் மனதையும், வாங்கியதைப் பழுதில்லாமல் திருப்பிக் கொடுக்கும் நாணயத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்