ரெண்டு மாம்பழம், நாலு வாசிப்பு

ஆனி மாசப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலுக்கு வந்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். பவழக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வீதி உலா வருவார். சப்பரம் கடந்து போனதும் மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் மாம்பழங்களை அள்ளி வீசுவாங்க. கீழே ஒரு கூட்டமே கை நீட்டிக்கிட்டு நிற்கும். குழந்தை வரம் வேண்டுறவங்க முந்தானையில் பிடிப்பாங்க. இதுதான் மாங்கனித் திருவிழா. மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. ஹாஸ்டல் பசங்களுக்கும் அன்னைக்கு ஒரு நாள் லீவு.

லீவு கிடைச்ச காரணம் ஒரு கதை. அந்தக் கதையைப் பக்திக் கதையா எல்லாரும் கேட்டிருப்போம். அதையே அரசியல் கதையாவும் படிக்க முடியுமா? முடியும். எப்படின்னு சொல்லித் தர்றதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கதை

காரைக்கால் வணிகர் தலைவர் தனதத்தனின் ஒரே மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து வணிகர் நிதிபதியின் மகன் பரமதத்தனுக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுக்கிறார்கள். ஒரே மகளைப் பிரிய மனசில்லாத அப்பா, காரைக்காலிலேயே அவர்களுக்கு வீடு அமைத்து, நிறையச் செல்வமும் கொடுத்து வைக்கிறார். (இந்த வரியை நினைவில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.)

ஒருநாள் பரமதத்தனைப் பார்க்க வந்தவர்கள் ரெண்டு மாம்பழம் கொடுக்க, அவன் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறான். அந்த நேரம் பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. புனிதவதியார் சோற்றோடு ஒரு மாம்பழத்தை வைத்து அனுப்புகிறார். மத்தியானம் கணவன் சாப்பிட வருகிறான். மீதிப் பழத்தை வைக்கிறார். ருசியாக இருக்கிறது, "இன்னொண்ணும் கொண்டு வா" என்கிறான். உள்ளே போய் இறைவனை நினைக்கிறார், கையில் ஒரு பழம் வருகிறது. அதைச் சாப்பிட்டவன், இது அந்தப் பழத்தின் ருசியே இல்லையே, எங்கே கிடைத்தது என்று கேட்கிறான். உண்மையைச் சொல்கிறார். நம்பாமல், இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான். வருகிறது. அவன் கைக்குப் போனதும் மறைகிறது.

பயந்துபோன பரமதத்தன் கடல் வாணிகம் என்று கப்பலேறிப் பாண்டிய நாட்டுப் பட்டினம் ஒன்றில் தங்கிவிடுகிறான். இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டு, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பேர் வைக்கிறான். உறவினர்கள் புனிதவதியாரைப் பல்லக்கில் அங்கே அழைத்துப் போக, குடும்பத்தோடு காலில் விழுகிறான். அவனுக்காகத் தாங்கியிருந்த அழகு இனி வேண்டாம் என்று வேண்டிப் பேயுருப் பெறுகிறார் அம்மையார். தலையால் நடந்து கயிலை போகிறார். சிவன் "அம்மையே" என்று அழைக்கிறார்.

கதையை அரசியலாகப் படிப்பது எப்படி?

இது நம்ம ஊரில் மட்டும் நடக்கிற வேலை இல்லை. 1843 டிசம்பரில் லண்டனில் சார்லஸ் டிக்கன்ஸ் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' என்ற சின்ன நாவலை வெளியிட்டார். ஸ்க்ரூஜ் என்ற கஞ்ச முதலாளி, ஒரே ராத்திரியில் ஆவிகள் காட்டும் காட்சிகளைப் பார்த்துவிட்டு வள்ளலாக மாறுகிற கதை. இன்றைக்கும் கிறிஸ்துமஸ் வந்தால் அந்தக் கதையும் வந்துவிடும். ஆனால் அது வெறும் பண்டிகைக் கதை இல்லை. அந்த வருஷம் ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் பற்றிய அரசு அறிக்கை வந்திருந்தது. அதைப் பார்த்துக் கொதித்த டிக்கன்ஸ், முதலில் துண்டறிக்கை எழுதத்தான் நினைத்தார். பிறகு கதையாக எழுதினார். ஏழைகளை வேலைக்கூடங்களில் அடைத்த 1834-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், மக்கள்தொகை பெருகுவதுதான் வறுமைக்குக் காரணம் என்ற மால்தஸின் வாதத்துக்கும் அதில் நேரடியான பதில் இருக்கிறது.

எதிர் வாசிப்பும் உண்டு. ஒரு முதலாளியின் மனசு மாறினால் போதுமா, அமைப்பு மாற வேண்டாமா என்ற கேள்வி. டிக்கன்ஸ் மனித சுபாவத்தைத் திருத்தப் பார்க்கிறாரே தவிர சமூக அமைப்பை மாற்றச் சொல்லவில்லை என்பது ஜார்ஜ் ஆர்வெல் 1940-இல் எழுதிய கட்டுரையின் முக்கியமான வாதம்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு முறைதான். கொடுக்கிற கதை எதுவானாலும் மூணு கேள்வி கேளுங்க:

1. பொருள் யாருடையது?
2. கொடுக்கும் உரிமை யாருக்கு?
3. கொடுத்தவர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது?

இப்போ மாம்பழத்துக்கு வருவோம்.

வாசிப்பு 1: அரசவையிலிருந்து

காரைக்கால் அம்மையார் வாழ்ந்தது சுமார் ஆறாம் நூற்றாண்டு. அவர் கதையை நாம் இன்றைக்குச் சொல்கிற வடிவத்தில் விரிவாகப் பாடியவர் சேக்கிழார், பன்னிரண்டாம் நூற்றாண்டில். இடையில் அறுநூறு வருஷம். சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். அரசனின் மனசைச் சமணக் காப்பியத்திலிருந்து சைவத்துக்குத் திருப்பவே பெரிய புராணம் பாடினார் என்பது மரபு.

அப்படிப் பார்த்தால் இந்தக் கதை ஒரு ஒழுங்கைச் சொல்கிறது. வீட்டில் இருக்கும் பொருள் முதலில் அடியாருக்கு, பிறகுதான் வீட்டுக்காரருக்கு. அந்த ஒழுங்கைக் காப்பாற்றினால் இறைவனே குறையை நிரப்புவார். கோயிலையும் அடியாரையும் நடுவில் வைத்து நடந்த ஓர் அரசுக்கு இது ரொம்பப் பொருத்தமான பாடம். மூணு கேள்விக்கும் இந்த வாசிப்பில் பதில் ஒண்ணுதான்: பொருளும் உரிமையும் கணக்கும் சிவனுடையது.

வாசிப்பு 2: நிலமும் கடையும்

ஈழத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதி 1966-இல் வெளியிட்ட 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' நூலில் 'நாடும் நாயன்மாரும்' என்று ஒரு கட்டுரை உண்டு. பக்தி இயக்கத்தை அவர் வர்க்க மோதலாகப் படிக்கிறார். ஒரு பக்கம் சமண பௌத்தத்தோடு நெருங்கியிருந்த வணிக வர்க்கம். இன்னொரு பக்கம் நிலவுடைமையாளர்கள். இவர்கள் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு சைவத்தின் பேரில் திரண்டார்கள் என்பது அவர் வாதம்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாம்பழத்தைப் பாருங்க. பரமதத்தன் வணிகன். ரெண்டு உள்ளே வந்தது, ஒண்ணு சாப்பிட்டாச்சு, ஒண்ணு இருக்கணும். அவன் கேட்டது சரக்கு இருப்புக் கணக்கு. ருசி மாறினதும் எங்கே வாங்கினது என்று கேட்கிறான். பதிலை நம்பாமல் மறுபடி செய்து காட்டச் சொல்கிறான். நம்ம லேபில் ஒரு தடவை ரீடிங் வந்தால் போதாது, மறுபடியும் வரணும்னு சொல்ற மாதிரி. கணக்கில் அடங்காத பழம் அவன் கையில் நிற்காமல் மறைந்துபோகிறது. வணிகனின் கணக்குக்கு வெளியே ஒரு பொருளாதாரம் இருக்கிறது என்று கதை சொல்கிறது.

ஆனால் இந்த வாசிப்பை முழுசாக ஏற்க முடியாத இடங்களும் உண்டு. அம்மையாரே வணிகர் மகள். அறுபத்து மூவரில் வேறு வணிகர்களும் இருக்கிறார்கள். பரமதத்தனைச் சேக்கிழார் கஞ்சனாகக் காட்டவில்லை. வில்லன் இல்லாத கதை இது. ஸ்க்ரூஜ் மாதிரி திருந்துவதற்கு இங்கே யாரும் இல்லை. கோட்பாடு எவ்வளவு பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று ரெண்டையும் குறித்துக்கொள்வதுதான் நல்ல வாசிப்பு.

வாசிப்பு 3: "கொடுத்துட்டேன்" என்று ஏன் சொல்ல முடியவில்லை?

எனக்கு முக்கியமாகப் படுகிற கேள்வி இது. கணவன் இன்னொரு பழம் கேட்டபோது, "ஒண்ணை ஒரு அடியாருக்குக் கொடுத்துட்டேங்க" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்தச் சாதாரண வாக்கியம் வரவில்லை. அதைச் சொல்வதைவிடக் கடவுளிடம் பழம் கேட்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது!

இப்போ முன்னாடி நினைவில் வைக்கச் சொன்ன வரிக்கு வாங்க. வீடு அப்பா அமைத்துத் தந்தது. செல்வமும் அப்பா கொடுத்தது. சமைத்தது அவர் கை. ஆனால் ஒரு மாம்பழத்தை எடுத்துக் கொடுக்கும் உரிமை அவருக்கு இருந்ததா என்பது சந்தேகம். பக்கத்துப் பூம்புகாரின் இயற்பகை நாயனார் கதையோடு சேர்த்துப் படித்தால் இது பளிச்சென்று தெரியும். அவரும் வணிகர்தான். அடியார் வேஷத்தில் வந்த சிவன் கேட்டதும் தன் மனைவியையே கொடுத்துவிடுகிறார். ஒரு கதையில் கணவன் மனைவியையே கொடுக்கலாம். இன்னொரு கதையில் மனைவி ஒரு மாம்பழம் கொடுத்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

பழைய கதைதானே என்று தள்ளாதீங்க. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் போட்டது. அது மாநிலச் சட்டம். சுற்றிலும் தமிழ்நாடு இருந்தாலும் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அதனால் இங்கே செல்லாது. நாடு முழுக்க அந்த உரிமை வந்தது 2005 செப்டம்பரில். நம்மில் பலர் பிறந்த சமயம். சட்டம் வந்தாச்சு, வீட்டுக்குள்ளே? உங்க அம்மா தன் தங்கச்சிக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்கணும்னா எப்படிக் கொடுக்கிறாங்கன்னு ஒருநாள் கவனிச்சுப் பாருங்க. அரிசி டப்பாவில் சேர்த்த காசு, "அப்பாகிட்ட சொல்லாத" என்ற குரல், இதெல்லாம் எந்தக் கதையின் தொடர்ச்சி?

அம்மையார் கடைசியில் எடுத்த முடிவையும் இப்படிப் படிக்கலாம். டிக்கன்ஸ் கதையில் உடைமைக்காரர் மனம் மாறுகிறார், வீடு அப்படியே இருக்கிறது. காரைக்கால் கதையில் கொடுத்தவர் வீட்டையே விட்டு வெளியேறுகிறார். மனைவி என்ற வேஷத்தோடு சேர்ந்து வந்த அழகையும் கழற்றிப் போடுகிறார்.

வாசிப்பு 4: நம்ம யூனியன் பிரதேசத்தின் அரிசி

கடைசி வாசிப்பு நம்ம ஆட்சி முறையைப் பற்றியது. 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. மாநில அரசின் இலவச அரிசித் திட்டத்திலும் இதே தகராறு எழுந்தது. நாராயணசாமி அமைச்சரவை அரிசியாகக் கொடுக்க வேண்டும் என்றது. துணைநிலை ஆளுநர் கிரண்பேடி பணமாகக் கொடுக்க வேண்டும் என்றார். 2019 பிப்ரவரியில் முதல்வரே ராஜ் நிவாஸ் எதிரே தர்ணா உட்கார்ந்தார். கோரிக்கைகளில் இந்த அரிசியும் ஒன்று. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

ரெண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. பணமாகக் கொடுத்தால் இடையில் கசிவு குறையும், என்ன வாங்குவது என்று குடும்பமே தீர்மானிக்கலாம். அரிசியாகக் கொடுத்தால் சந்தை விலை ஏறினாலும் தட்டில் சோறு இருக்கும், பணம் வேறு செலவுக்குப் போகாது.

ஆனால் நம்ம மூணு கேள்வியைப் போட்டுப் பாருங்க. அரிசியும் பணமும் யாருடையது? ரெண்டும் மக்கள் வரிப்பணம். கொடுக்கும் உரிமை யாருக்கு? தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவைக்கா, மத்திய அரசு நியமித்த ஆளுநருக்கா? கணக்கு யாருக்கு? ஒரே வீட்டில் ஒருவர் கொடுக்க நினைக்க, இன்னொருவர் கணக்குக் கேட்கிறார். யார் புனிதவதி, யார் பரமதத்தன் என்று உடனே வேஷம் ஒதுக்க வேண்டாம். கணக்குக் கேட்பதே தப்பு என்று சொல்ல முடியாது, அது ஜனநாயகத்துக்குத் தேவை. ஆனால் கணக்குப் பேசுகிற அவசரத்தில் வாசலில் ஒருத்தர் பசியோடு நிற்கிறார் என்பது மறந்துபோகக் கூடாது.

இன்னொன்றும் கவனிங்க. புனிதவதியார் சோற்றை நேருக்கு நேர் நின்று பரிமாறினார். திருவிழாவில் பழம் மாடியிலிருந்து வருகிறது. நலத்திட்ட விழாக்களில் மேடையிலிருந்து வருகிறது, கூடவே ஒரு போட்டோவும். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. அவரவர் பங்கைக் கொடுக்கும்போது ஏன் இந்த உயர வித்தியாசம்?

படித்துப் பழக

அடுத்த மாங்கனிக்கு முன்னாடி நண்பர்களோடு பேசிப் பார்க்க:

• பரமதத்தன் பக்கம் நின்று இந்தக் கதையை எழுதினால், அவன் பயத்துக்கு என்ன காரணம் சொல்வீங்க?

• அந்த ரெண்டு பழத்தையும் கொடுத்தவர்கள் யார்? அவர்களுக்கு மட்டும் ஏன் கதையில் பேர் இல்லை?

• உங்க ஸ்காலர்ஷிப், பஸ் பாஸ், லேப்டாப் எதையாவது எடுத்து மூணு கேள்வியையும் போட்டுப் பாருங்க. அது தானமா, உரிமையா?

அம்மையார் எழுதியதாக நம்மிடம் இருப்பவை 143 பாடல்கள்: அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் ரெண்டிலும் சேர்த்து 22. அவற்றில் மாம்பழக் கதை இல்லை, பரமதத்தனும் இல்லை. தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்டு சுடுகாட்டையும் கூத்தையும் பாடுகிறார். அவர் கொடுத்த ஒரு பழத்தை நாம் வருஷா வருஷம் கொண்டாடுகிறோம். அவர் எழுதினதையும் ஒருமுறை எடுத்துப் படிச்சுடுங்க.